நிறைவி

“அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துடுங்கன்னுதானே மேடம்...”

“எடுக்க மாட்டேன்னு நேத்தே சொல்லி...”

“முழுசாக் கேளுங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீங்க சொல்ல வர்றது எனக்கு மனப்பாடம் ஜெயசீலன். மதுரையில விமானம் ஏறினதுலேருந்து அதையேதான் சொல்லிட்டு வர்றீங்க.”

“மனப்பாடமானா ஏன் புரியமாட்டேங்குது?”

“கத்தாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் புரியப்போவதில்லை. பின்லாந்து தேசத்துத் தாம்பரே நகரத்தில், ஓட்டலையும் மாநாட்டு மண்டபத்தையும் இணைக்கிற நீளமான கண்ணாடிப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பேர் தமிழில் சண்டை போட்டால், போகிறவர் வருகிறவர்களுக்கு அது ஏதோ ஊட்டச்சத்து விவாதம்போலத்தான் தோன்றும். சிலர் சிரித்துத் தலையசைத்துவிட்டுக்கூடப் போனார்கள்.

கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தெரு இருந்த அடையாளமே இல்லை. வந்திறங்கிய நாளிலிருந்து டாக்டர் மங்கையர்க்கரசி இந்தப் பாலத்தைத்தான் கடந்துகொண்டிருந்தாள். ஓட்டலிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து ஓட்டல். அறை ஜன்னல் திறக்கிற ரகமில்லை. வெளிக்காற்று முகத்தில் பட்டு எவ்வளவு காலமாகிறது என்று யோசித்தாலே நெஞ்சை அடைத்தது. நாளைக் காலை விமானம். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெயசீலன் குரலைத் தணித்தான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், ஆனால் திட்டத்துக்கு அவன்தான் இயக்குநர்.

“இன்னைக்கு மத்தியானம் அறிவிப்பு. பதினோரு நாட்டுக்கு நிறைவி போகப்போகுது. அந்த நேரம் பாத்து நீங்க மேடையேறி, தாய்மாருங்க இளைச்சுப்போறாங்கன்னு ஒரு ஸ்லைடு போட்டீங்கன்னா எல்லாம் நின்னுடும்.”

“நிக்கட்டும். சரிபண்ணிட்டுப் போகட்டும்.”

“நின்னது நின்னதுதான் மேடம். மறுபடி எவன் பணம் போடுவான்?” அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். “நான் பசியோட படிச்சவன். உங்களுக்கு அது சொன்னாப் புரியாது. போர்டுல எழுதினது எதுவும் கண்ணுல ஏறாது. வாத்தியார் வெத்தலை மெல்லுறதையே பாத்துக்கிட்டிருப்பேன். அதைத் துப்பாம முழுங்கினா வயிறு நிறையுமான்னு யோசனை ஓடும். இப்ப அந்த மாதிரித் தெருப் பிள்ளைங்க உக்காந்து கணக்குப் போடுதுங்க. நம்ம கிருமிதானே காரணம்?”

அதில் பொய்யில்லை. நிறைவி என்று பெயர் வைத்ததே மங்கையர்க்கரசிதான். குடலில் குடியேறி, தின்கிற கொஞ்சத்திலிருந்து சத்தைச் சிந்தாமல் பிழிந்தெடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அது. கூடவே, பசிக்கிறது என்று மூளைக்குப் போகிற சேதியை நடுவழியில் மறித்து நிறுத்திவிடும். ஆறின தயிர்சோற்றில் கலந்து ஒரே ஒரு தரம் கொடுத்தால் போதும். அப்புறம் தினம் ஒரு சத்துருண்டை. உடம்புக்கு வேண்டியது எல்லாம் உருண்டையில் இருந்தது. இந்த நாட்டு அறக்கட்டளை ஒன்று பணம் போட, வேப்பங்கரிசல் வட்டாரத்தில் உணவுக்கூடங்கள் திறந்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள்.

“பிள்ளைங்களுக்கு உருண்டை போகுது,” என்றாள் மங்கையர்க்கரசி. “அம்மாங்களுக்கு?”

“அம்மாங்களுக்கு நாம நிறைவியே கொடுக்கலையே!”

“நாம கொடுக்கல. தட்டு கொடுத்துச்சு.”

அவன் மண்டபத்தின் பக்கம் நடந்தான்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மகள் பூங்கோதை. ஏழாவது மாசம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, அதனால் வாந்தி தொடங்கின நாளிலிருந்தே மதுரையில் அம்மாவோடு இருக்கிறாள். திரையில் முகம் வந்ததுமே சிரித்தாள்.

“என்னம்மா, தாம்பரம் எப்படி இருக்கு?” ஊர்ப் பெயரைக் கேட்ட அன்றிலிருந்து அவளுக்கு அது தாம்பரம்தான்.

“குளிருதுடி. சாப்டியா?”

“சித்தி சோறு வெச்சிருக்கா.”

“வெச்சிருக்கா, சரி. சாப்டியா?”

“ஐயோ, உலகத்து விஞ்ஞானியெல்லாம் சுத்தி நிக்கிறாங்க, நீ என்கிட்ட சோத்துக் கதை கேக்குறே. சாப்பிடுவேம்மா.”

“டாக்டர்கிட்ட போனியே, என்ன சொன்னா?”

“எடை ஏறலையாம். முறைச்சா. எங்கம்மா வந்து பிசைஞ்சு கொடுத்தா ஏறிடும்னு சொல்லிட்டு வந்துட்டேன். உன் கையால கொடுத்தாத்தானே எறங்குது எனக்கு.”

“வாந்தி?”

“அதெல்லாம் எப்பவோ போச்சு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல. வயிறு நிம்மதியா இருக்கு.”

“நல்லதாப் போச்சு. நாளைக்குக் கிளம்பி வந்துடுறேன்.”

மனசு கொஞ்சம் இளகியது. கூட்டு, ரசம், வெண்டைக்காய் வதக்கல் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் பிசைந்து, ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் அவளுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் அந்தப் பெண் வாயைத் திறக்கும். மூன்று வயதிலும் அப்படித்தான். இப்போது வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டும் அப்படித்தான்.

மண்டபத்து வாசலில் ஐனோ காத்திருந்தாள். அறக்கட்டளையின் அறிவியல் பிரிவுக்குத் தலைவி. வெள்ளைத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பாள். மங்கையர்க்கரசியை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில்.

“உங்கள் உரையை நாளை மாலைக்கு மாற்றியிருக்கிறோம்.”

“நாளைக் காலை எனக்கு விமானம்.”

“தெரியும்.” ஐனோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் மட்டும் எடுத்த முடிவில்லை. எனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். தரவு அறக்கட்டளையுடையது, அனுமதியில்லாமல் நீங்கள் அதைக் காட்ட முடியாது என்று அவர்கள் நினைவூட்டச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன். இப்போது எனக்காகக் கேட்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

மங்கையர்க்கரசி பீப்பியின் கதையைச் சொன்னாள்.

பீப்பி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். விரல் நீளக் குழாய். நிறைவி குடியிருக்கிற உடம்பு ஊதினால் முனையில் பச்சை விளக்கு எரியும். மாசத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். அன்றைக்குக் காளீஸ்வரி என்கிற பெண், பிள்ளைத்தாச்சி, மகனைக் கூப்பிட்டுப்போக வந்தவள், அவன் கையிலிருந்து வாங்கி வேடிக்கைக்கு ஊதினாள். பச்சை எரிந்தது.

“நீ எப்பம்மா அந்தத் தயிர்சோறு தின்னே?” என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

“நானா? பிள்ளைக சோத்துல நான் எதுக்குக் கைய வைக்கேன்?”

“மகன் தட்டுல சாப்பிடுவியா?”

“சேச்சே. எங்க வீட்டுல அவுகவுக தட்டு அவுகவுகளுக்கு.”

“அவன் மிச்சம் வெச்சா?”

“அதை என்ன செய்ய? வழிச்சு வாயில போட்டுட்டுத் தட்டக் கழுவிருவேன்.”

“அது சாப்பிடுறது இல்லையா?”

காளீஸ்வரி சிரித்தே விட்டாள். “அது சாப்பாடாம்மா? அது பாத்திரம் கழுவுற வேலைல்லா!”

ஐனோவுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லி விளங்கவைக்க நேரம் பிடித்தது.

“திட்டம் தொடங்கும்போதே கேட்டோமே,” என்றாள் அவள். “ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிடுவதுண்டா என்று வீடு வீடாகக் கேட்டோம். எல்லாப் பெண்களும் இல்லை என்றார்கள்.”

“அந்தக் கேள்வியைத் தமிழில் போட்டுக் கொடுத்ததே நான்தான். நானும் என் பெண் தட்டை வழித்து வளர்த்தவள்தான். எனக்கே உறைக்கவில்லை. கேட்ட பெண்களுக்கும் உறைக்கவில்லை, சொன்ன பெண்களுக்கும் உறைக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை.”

“வாயில் அது பிழைக்காது என்றுதானே வடிவமைத்தோம்?”

“வயிற்றில் இருக்கச் சொன்னோம். அது பல்லிடுக்கிலும் இடம் பிடித்துவிட்டது. பிள்ளைக்கு உருண்டை கிடைக்கிறது, அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. பசி மட்டும் போய்விட்டது. பிழிந்தெடுக்க வயிற்றில் ஒன்றும் விழவில்லையென்றால் நிறைவி எதைப் பிழியும்? காளீஸ்வரிக்கு ஒரு பெண் பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி. பெயர் வைப்பதற்கு முன்னாடியே போய்விட்டது. அவளைப்போல அந்த வட்டாரத்தில் இன்னும் பல பேர்.”

ஐனோ முன்னால் சாய்ந்தாள். “இத்தனை பெண்கள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையா?”

“அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?”

ஐனோ எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நான் நம்புகிறேன். மேலே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அந்தப் பெண்கள் தயிர்சோற்றைத் திருட்டுத்தனமாகத் தின்றிருப்பார்கள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சோறு பக்கத்திலேயே போகாத ஒருவருக்குத் தட்டு வழியாகத் தொற்றியது என்று காட்ட முடியுமா? அப்படி ஒரே ஒரு ஆள்?”

“வேப்பங்கரிசலில் எல்லார் வீட்டிலும் அந்தச் சோறு வாங்கின பிள்ளை இருக்கிறது.”

“அப்படியானால் கடினம். இன்னொன்றும் சொல்கிறேன். பரவும் என்று உறுதியானால் இந்த நாட்டில் அது வேறு சட்டம். தொற்றியவரை வெளியே விட மாட்டார்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மூடின பிரிவில் வைத்து மருந்து கொடுப்பார்கள். கிருமி ஒழிய மாதக்கணக்கில் ஆகலாம்.”

“கர்ப்பிணிகளுக்கு?”

“அந்த மருந்து கூடாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பசிக்கிறதா என்று கேட்காமல், கடிகாரத்தைப் பார்த்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழி இல்லை.”

வெளியே வந்தபோது சாப்பாட்டுக்கூடம் நிரம்பியிருந்தது. உலகம் முழுக்கச் சாப்பாட்டை ஆராய்கிறவர்கள் தட்டும் கையுமாக முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் இரண்டு தட்டோடு வந்தான். காலைச் சண்டை அவன் முகத்தில் இல்லை. இப்படித்தான் அவன். கோபத்தைக் கையோடு வைத்துக்கொள்ளத் தெரியாது.

“கிழங்கும் தயிரும் வாங்கியிருக்கேன். மீன் பக்கமே போகல. சாப்பிடுங்க.”

“எனக்கு வேணாம்.”

“வந்ததுலேருந்து இதையேதான் சொல்றீங்க. கோவத்தை என்மேல காட்டுங்க மேடம், வயித்துமேல காட்டாதீங்க.”

“கோவமில்ல. இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கல. பசியே எடுக்கல.”

“ஊருலேயும் நீங்க ஒழுங்காச் சாப்பிட்ட மாதிரி தெரியல. போன மாசம் ஃபீல்டுலேயே டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுபோனீங்க.” அவன் தாடையால் எதிரே காட்டினான். “அங்க பாருங்க, எவ்வளவு நல்லா இருந்தீங்க அந்தப் படத்துல.”

எதிர்ச்சுவர் முழுக்க அந்தப் படம் தொங்கியது. அறக்கட்டளையின் காட்சிக்கூடத்துக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு. வேப்பங்கரிசல் தெற்குத் தெரு. தவமணி என்கிற குட்டிப்பெண் தன் தட்டிலிருந்து ஒரு கவளத்தைக் கடித்துப் பாதியைத் தான் தின்றுவிட்டு மீதியை நீட்டுகிறாள். மங்கையர்க்கரசி குனிந்து வாயைத் திறந்திருக்கிறாள்.

“நான்தான் எடுத்தேன்,” என்றான் ஜெயசீலன். “ஞாபகமிருக்கா? தெருவே வேலையை விட்டுட்டு வந்து நின்னுச்சு. டாக்டரம்மா எங்க புள்ள கையால வாங்கித் தின்பாகளா மாட்டாகளான்னு. அது நான் பொறந்த மாதிரித் தெரு மேடம். எங்க தெருவுக்கு வந்த ஆபீசருங்க டம்ளர்ல தண்ணிகூட வாங்கினதில்ல. நீங்க முகம் சுளிக்காம வாயத் திறந்தீங்க. அன்னைக்குத்தான் உங்கமேல எனக்கு ஒரு இது வந்துச்சு. அதனாலதான் நீங்க என்ன சண்டை போட்டாலும்...”

அவள் கேட்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணியின் விரலில் ஒட்டியிருந்தது மஞ்சள் சோறு. சாம்பார் சோறு. சுடச்சுடப் பரிமாறினது. அந்தச் சூட்டில் நிறைவி ஒரு நொடி தங்காது. தயிர்சோறு கொடுத்து அப்போது பல மாசம் ஆகியிருந்தது.

போன மாசம் ரவிக்கையெல்லாம் தளர்ந்திருந்தது. நல்லதுதான், இளைக்கிறேன் என்று சந்தோஷப்பட்டாள். வேலை அலைச்சல் என்று நினைத்தாள். விமானம் என்று நினைத்தாள். பின்லாந்துக் கிழங்கு என்று நினைத்தாள். ஊரெல்லாம் பெண்களைப் பிடித்துப்பிடித்து ஊதச் சொன்னவள், ஊதச் சொன்னவளையும் ஊதவைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

எழுந்து காட்சிக்கூடத்துக்குப் போனாள். மேசைமேல் பீப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். அங்கே நின்ற பெண் சிரித்தாள். “நீங்கள் ஊதினால் எரியாது. திட்டத்துக் குழந்தைகளுக்கு மட்டும்தான் எரியும்.”

மங்கையர்க்கரசி ஊதினாள்.

பின்னாலேயே வந்திருந்த ஜெயசீலனின் கை சட்டென்று நீண்டு விளக்கை மூடியது. அவன் விரலிடுக்கில் பச்சை கசிந்தது. அந்தப் பெண் அதற்குள் வேறு யாருக்கோ துண்டுப் பிரசுரம் கொடுக்கத் திரும்பியிருந்தாள். அவன் பீப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, மங்கையர்க்கரசியின் முழங்கையைப் பிடித்துத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போனான்.

“யாரும் பாக்கல மேடம். அவ பாக்கல. நான் சொல்ல மாட்டேன்.”

“ஜெயசீலன், அவளுக்கு நான்தான் ஊட்டினேன்.”

“யாருக்கு?”

“பூங்கோதைக்கு. ஒரே கிண்ணம். ஒரே கை. எடை ஏறலைன்னா. வயிறு நிம்மதியா இருக்குன்னா. நானும் நல்லதாப் போச்சுன்னு சொன்னேன்!”

அவன் முகம் வெளுத்தது. அப்புறம் வேகமாகப் பேசினான். “சரி. நாளைக் காலையில விமானம். பேசாம ஏறுங்க. போய் அவ பக்கத்துல உக்காருங்க, கடிகாரம் பாத்து ஊட்டுங்க, தனித்தட்டு, தனி ஸ்பூன். ரெண்டு மாசம். பிள்ளை நல்லபடியாப் பொறந்துடும். இது நான் திட்டத்துக்காகச் சொல்லல மேடம், சத்தியமா. வாயத் திறந்தீங்கன்னா உங்களை இங்கேயே பூட்டிடுவாங்க. அங்க அவளை யார் பாப்பா?”

அது முழுக்க நியாயமாக இருந்தது. அதுதான் கஷ்டம். அவள் மனசு அப்போதே விமானத்தில் ஏறி, மதுரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது.

“நான் பேசாம போயிட்டேன்னா,” என்றாள் மெதுவாக, “பதினோரு நாட்டுலேயும் அம்மாங்க தட்டை வழிப்பாங்க. அவங்க பக்கத்துல யார் உக்காருவா?”

“பூங்கோதை உங்க பொண்ணு மேடம்.”

“காளீஸ்வரி?”

ஜெயசீலன் அவளைப் பார்க்கவில்லை. மேலே தொங்கின படத்தைப் பார்த்தான். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பீப்பியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மண்டபத்துக்குள் போனான்.

அறிவிப்பு விமரிசையாக நடந்தது. மேடையின் பின்திரையிலும் அதே படம். ஐனோ பேசினாள், பதினோரு நாடுகளின் பெயரையும் வாசித்தாள், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி கைமாறிக் கைமாறி மங்கையர்க்கரசியிடம் வந்தது. எழுந்து நின்றாள்.

“எனக்கு ஒரு ஸ்லைடு இருந்தது. காட்ட அனுமதி இல்லை என்றார்கள். பரவாயில்லை. அந்தப் படத்தில் இருக்கிறவள் நான்தான்.”

சிலர் பாராட்டாக நினைத்துக் கைதட்டத் தொடங்கினார்கள்.

“எனக்கு யாரும் தயிர்சோறு கொடுக்கவில்லை. நான் ஆராய்ச்சி செய்தவள், ஆராயப்பட்டவள் அல்ல. அந்தக் குழந்தை கடித்த பாதிக் கவளம், சூடான சோறு, அது ஒன்றுதான் நான் தின்றது. இப்போது பாருங்கள்.”

பீப்பியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள். புஸ்ஸென்ற மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பச்சை எரிந்தது.

முதலில் எழுந்தது அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர். நாகரிகமாகத்தான் எழுந்தார், மன்னிப்புக்கூடக் கேட்டார். பிறகு இடப்பக்கம், முன்வரிசை, பின்வரிசை. நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் அலையாக விலகிப்போனது. வட்டமாகக் காலியான இடத்தின் நடுவில் அவள் மட்டும் நின்றாள். மேடையில் ஐனோ கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு, யாருக்கோ தலையசைத்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

மாலை நாலு மணிக்கே அந்த ஊரில் கும்மிருட்டு. ஆஸ்பத்திரியின் மூடின பிரிவில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவருக்குப் பதில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெயசீலன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். அவன் ஊதியபோது விளக்கு எரியவில்லை. ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாக அவன் குரல் தகரத்தில் உரசுவதுபோல வந்தது.

“நின்னுடுச்சு மேடம். பதினோரு நாடும்.”

“சரி.”

“நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு சொல்ல வரல. இன்னொண்ணும் நின்னுடுச்சு. வேப்பங்கரிசல் உணவுக்கூடங்களையும் பூட்டச் சொல்லிட்டாங்க. வழக்கு கிழக்குன்னு வந்துடுமாம். உருண்டை நாளையிலேருந்து கிடையாது.”

மங்கையர்க்கரசி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நிறைவி பிள்ளைங்க வயித்துல இருக்கே!”

“அதைத்தான் சொல்றேன். கிருமி இருக்கு, உருண்டை இல்ல. இனிமே அந்தப் பிள்ளைங்க அழாது மேடம். எனக்காவது அழத் தெரிஞ்சுது.”

இரண்டு பேரும் கண்ணாடிக்கு இருபக்கமும் நின்றார்கள். அவன் மூச்சு பட்டு அவன் பக்கம் கண்ணாடி பனித்தது.

“நீங்க நாளைக்குப் போறீங்கல்ல?” என்றாள்.

“போறேன்.”

“நேரா அங்க போங்க. வீடு வீடாப் போங்க. மந்திரி, கலெக்டர், யாரைப் பிடிக்கணுமோ பிடிங்க. அதுவரைக்கும் காளீஸ்வரி மாதிரி ஆளுங்களைச் சேர்த்து, அடுப்பை அணைய விடாம வைங்க. யாரையும் பசிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க. மணியடிச்சு உக்காரவெச்சுப் போடுங்க. அம்மாங்களையும் பந்தியில உக்காரவைங்க, பிள்ளைங்களுக்குப் பக்கத்துல, தனித்தட்டு வெச்சு.”

“உக்காருவாங்களா மேடம், பிள்ளைங்க சாப்பிடுறப்பவே?”

“உக்கார மாட்டாங்க. சண்டை போடுங்க. அதுல நீங்க கெட்டிக்காரர்தானே.”

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “உங்களை எப்ப விடுவாங்களாம்?”

“சொல்லல.”

ஒரு நர்ஸ் வந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் போகும்போது கும்பிட்டான். அதுவரை ஒருநாளும் அவன் அவளைக் கும்பிட்டதில்லை.

கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அங்கே மதுரையில் விளக்கு வைத்து முடிந்த நேரம். டிவியில் வந்திருக்குமா? ஒரே மணியில் பூங்கோதை எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. கன்னத்து எலும்பு இத்தனை துருத்திக்கொண்டா இருந்தது? காலையில் ஏன் கண்ணில் படவில்லை?

“பெட்டி கட்டிட்டியாம்மா?”

“சித்தி எங்கே?”

“அடுப்படியில. ஏன் ஒரு மாதிரி பேசுறே?”

“அவளைக் கூப்பிடு. உன் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லு.”

“என்னன்னு சொல்லேன். மத்தியானச் சோறு அப்படியே இருக்குன்னு போட்டுக்கொடுத்துட்டாளா? சாப்பிட்டுக்கலாம்னு வெச்சேன், அப்புறம் மறந்தேபோச்சு. நீ நாளைக்குக் கிளம்பி வந்து ஊட்டுவேல்ல, அதுக்குச் சேத்துவெச்சிருக்கேன்னு வெச்சுக்கோ.”

மங்கையர்க்கரசி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அம்மாவின் குரலில் கேட்கப் பார்த்தாள். டாக்டரின் குரல்தான் வந்தது, வேப்பங்கரிசல் பெண்களிடம் வீடு வீடாகக் கேட்ட அதே குரல்.

“பூங்கோதை, சிரிக்காம யோசிச்சுச் சொல்லு. கடைசியா உனக்கு எப்பம்மா பசிச்சுது?”